பதினெட்டாம் எண் வீட்டுக்கு வந்த பித்தளை

ரொசெனுக்குக் குரோம் பூச்சு என்றால் ஆகவே ஆகாது. கடலோர வீட்டில் மெருகு பூசாத பித்தளைதான் ராஜா. துணைக்கு மங்கலான நிக்கல். எங்காவது ஒரே ஓர் இடத்தில் கறுப்பு இரும்பு. அதற்கு மேல் போனால் வீடு காயலான் கடை ஆகிவிடும் என்பாள். பிரான்சின் பிரெத்தாஞ் கடற்கரையில் அந்தச் சின்னத் துறைமுகத்தில், பாரிஸ்காரர்களின் கோடை வீடுகளுக்குக் கைப்பிடி, குழாய், ஜன்னல் தாழ்ப்பாள் எல்லாம் இருபத்தாறு வருடமாகத் தேர்ந்து கொடுப்பவள் அவள்தான். கண்ணில் அவ்வளவு ரசனை, நாக்கில் அவ்வளவு காரம்.

அந்த வீடுகள் ஜூலையிலும் ஆகஸ்டிலும் மட்டும் கண் திறக்கும். மற்ற மாதங்களில் அவளுடைய தெருவின் இருபது வீடுகளில் இரண்டில்தான் விளக்கு எரியும். ஒன்று அவளுடையது. இன்னொன்று எதிரே பதினெட்டாம் எண், கூல்வெனுடையது. மீன்பிடிக் கப்பலில் எஞ்சின் பார்த்து ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். ஞாயிறுதோறும் ஆப்பிள் மதுவோடு வருவான். அவள் கறுப்புக் கோதுமை தோசை வார்ப்பாள். இருவரும் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுவார்கள். மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளுக்கான காத்திருப்பு. அவன் இல்லாவிட்டால் தான் செத்தாலும் கோடையில்தான் யாருக்காவது தெரியும் என்று அவளுக்குத் தெரியும். இதையெல்லாம் அவனிடம் சொன்னதில்லை. கிண்டல் செய்ய வந்த வாய்க்கு அது மட்டும் வரவில்லை.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு அவன் கேட்டான்.

"ரொசென், என் வீட்டையும் உன் பாரிஸ்காரிங்க வீடு மாதிரி ஆக்கிக் குடேன்."

"என்னய்யா திடீர்னு? பிளாஸ்டிக் குமிழோடதானே முப்பது வருஷம் குடும்பம் நடத்தினே?"

"செய்வியா, மாட்டியா?"

யார் வந்தாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி ஒன்று உண்டு: வீட்டில் யார் இருக்கப்போகிறார்கள், வருடத்தில் எத்தனை நாள்? தினம் கை பட்டால்தான் பித்தளை பளிச்சென்று இருக்கும். பூட்டிக்கிடக்கிற வீட்டில் உப்புக்காற்று அதைப் பச்சையாக்கிவிடும். கூல்வெனிடம் அதைக் கேட்கவில்லை. அவனைத் தெரியாதா என்ன? தவிர, மனதில் ஒரு நப்பாசை. சமையலறைக் கதவுக்குக் குமிழ் தேர்ந்தபோது, அது தன் உள்ளங்கைக்குள் அடங்குகிறதா என்றுதான் பிடித்துப் பார்த்தாள்.

நான்கு மாதம் சேர்ந்து வேலை செய்தார்கள். அவன் குரோம் குழாய் ஒன்றை வாங்கி வந்து நின்றான்.

"பளபளன்னு இருந்தா என்ன தப்பு?"

"இங்க என்ன பல் டாக்டர் மாதிரி பல்லா பிடுங்கப் போறே? கொண்டு போய்த் திருப்பிக் குடு."

அவ்வளவு சிரித்து அவளுக்கு வருடக்கணக்காகியிருந்தது.

ஜூலையில் ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பும்போது பதினெட்டாம் எண் சுவரில் 'விற்பனைக்கு' என்ற பலகை தொங்கியது.

"மக ரென் நகரத்துக்கு, தன்கூட வந்துடுங்கறா. முழங்காலும் கேக்க மாட்டேங்குது," என்றான் அவன், அவள் முகத்தையே பார்த்தபடி. "நீ என்ன சொல்றே?"

"நல்லதுதானே. மக பாத்துப்பா," என்றாள் ரொசென். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

நாலே நாளில் பாரிஸ் தம்பதி ஒன்று வந்தது. அந்த அம்மாள் சமையலறைக் குமிழைத் தடவிப் பார்த்து, "இது நம்ம வீடுங்க," என்றாளாம். ரொசென் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள், அதுவும் அத்தனை அழகாக.

முதல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குப் பிறகும் மனம் மாறிப் பின்வாங்க வாங்குகிறவர்களுக்குப் பத்து நாள் உண்டு. பிள்ளைப்பருவத்துக்குப் பிறகு கோயில் வாசலை மிதிக்காதவள், அந்தப் பத்து நாளும் போய் மெழுகுவத்தி ஏற்றினாள். குழாய் ஒழுகட்டும், கூரை பிடிக்காமல் போகட்டும், ஏதாவது நடக்கட்டும். ஒன்றும் நடக்கவில்லை. பதினோராம் நாள் காலையில் தெருவைத் தாண்டிப் போனாள்.

கூல்வென் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான்.

"போகாதே," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பலகை மாட்டின அன்னிக்கு உன்கிட்டதான் கேட்டேன், ரொசென். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே பிடுங்கிப் போட்டிருப்பேன்."

"இப்ப முடியாதா?"

"அந்தப் பத்து நாள் அவங்களுக்குத்தாம்மா. விக்கிறவனுக்குக் கிடையாது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு ஒரு கோப்பையை எடுத்துத் தாளில் சுற்ற ஆரம்பித்தாள்.