சைக்கிளுக்குக் கண் வைத்த வகுப்பு

பெயிண்டர் சுடலைமுத்துவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் ஏணியின் மேல். மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு காபி ஹோட்டல் வாசலில் பெரிய பெயர்ப்பலகை. பலகையின் தலைப்பில் மயில் மேல் முருகன். வாயில் அணைந்துபோன பீடியோடு பிரஷைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வேலை முடிஞ்சுதா?" என்று கீழே நின்று கேட்டேன். "முடிஞ்ச மாதிரிதான் சார்வாள். ஒரு சின்ன சோலி பாக்கி. நாளைக்கு வெச்சுக்கிடுவோம்" என்றார். மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது தாராவியிலிருந்து ஆள் வந்து சொன்னான். நெஞ்சுவலியாம். விடிவதற்குள் போய்விட்டார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் என் தொழிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. காலையில் வகுப்பில் நாம் உளறியது சாயங்காலம் எல்லார் வீட்டு அடுப்படியிலும் வெந்துகொண்டிருக்கும். என்னைப் போலச் சாக்பீஸ் தூளைச் சுவாசித்தே காலம் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

புதுப் பாடம்

யுத்த காலம் அது. மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே, ரயில் பாதை ஓரத்தில், ஒரு மாடியில் எங்கள் தமிழ் ஆரம்பப் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதிப் பேர் மாட்டுங்கா ஆபீஸ் குடும்பத்தார். மீதிப் பேர் தாராவிப் பட்டறைகளில் வேலை செய்யும் திருநெல்வேலிச் சனங்களின் பிள்ளைகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மேற்கொண்டு படித்ததெல்லாம் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் நானாகப் படித்ததுதான். டிரெயினிங் சர்டிபிகேட் இல்லாததால் தற்காலிக வாத்தியார். அந்த வருஷம் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, திருப்தி என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் நானும் என் மனைவியும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அங்கே எங்களை எதிர்பார்த்து யாரும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. நாலாம் வகுப்பு மாணவர்கள் கலைஞர்களைப் பற்றித் தாமே தேடிக் கற்க வேண்டுமாம். கற்பதற்குப் படப் புத்தகம் ஒன்றும் வரவில்லை, காகிதத்துக்குப் பஞ்சம். எங்கள் ஹெட்மாஸ்டர் ராமநாதய்யர் பாலக்காட்டுக்காரர். சைக்கிளில் வருவார்; அதை மாடிப்படியில் தூக்கிக்கொண்டே ஏறி, தன் மேஜைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வார். உத்தரவை மூக்குக்கண்ணாடியோடு ஒரு தடவையும் இல்லாமல் ஒரு தடவையும் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "‘தாமே’ன்னு போட்டிருக்கான், பாத்தேரா? அப்போ வாத்தியார் வாயே திறக்கப்படாது ஓய். உமக்கு அது நன்னா வரும்."

கறுப்புப் பெயிண்ட்

நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தான் போய்வரக்கூடிய தூரத்தில் ஒரு கலைஞரைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். இரண்டு கேள்வி கேட்கலாம். பிறகு அவர் செய்கிற மாதிரி ஒன்று செய்து, வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். எழுதிக்கொடுத்தால் காகிதம் வேண்டும். சொல்வதற்கு வாய் போதும். யார் கலைஞர் என்று நான் சொல்லவில்லை. அதுதான் பிள்ளைகள் தாமே செய்ய வேண்டிய முதல் காரியம் என்று நினைத்தேன்.

முதலில் எழுந்தவன் வெங்கிட்டு. ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவின் பிள்ளை. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரெல்லாம் ஜன்னல் கண்ணாடிக்குக் கறுப்பு அடித்துக்கொண்டிருந்த சமயம். அவன் தேர்ந்தெடுத்த கலைஞர், அவர்கள் கட்டிடத்துக்குக் கறுப்பு அடிக்க வந்த ஆள். மூன்று மாடி முழுக்க அவர் பின்னாலேயே ஏறி இறங்கியிருக்கிறான். வகுப்பு சிரித்தது. "அவர் என்ன படம்டா வரைஞ்சார்?" என்று நானும் கேட்டுவிட்டேன். வெங்கிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "ராத்திரி படம் சார். எல்லா ஜன்னல்லயும் ஒரே ராத்திரியை வரைஞ்சார்."

இரண்டு கேள்வி

விசுவநாதன் என்ற பையன் கும்பார்வாடாவுக்குப் போனான். தாராவியில் குஜராத்திக் குயவர்கள் இருக்கும் பகுதி அது. அங்கே ஒருவர் பானைகளுக்கு நடுவே மண்ணில் யானையும் குதிரையும் செய்வார். விசுவநாதனுக்குக் குஜராத்தி தெரியாது. தெருவில் விளையாடிப் பொறுக்கிய இந்தியில் இரண்டு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போனான். உங்களுக்கு இதை யார் சொல்லிக் கொடுத்தார்? நல்ல யானை செய்ய என்ன வேண்டும்? இரண்டுக்கும் அவர் தலை நிமிராமல் ஒரே பதிலைச் சொன்னாராம். வகுப்பில் அதைக் கையைக் கட்டிக்கொண்டு, சுலோகம் போல ஒப்பித்தான். "‘ஹட் ஜா, உஜாலா ஆனே தே.’ அப்படின்னா, தள்ளி நில்லு, வெளிச்சம் வரட்டும்."

எனக்கு அது நல்ல பதிலாகவே பட்டது. இன்றைக்கும் வாத்தியார்கள் சுவரில் எழுதி மாட்டிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் விசுவநாதனின் அப்பா மறுநாள் காலை கோட்டும் தொப்பியுமாகப் படியேறி வந்தார். பையன் காதுக்குள் எல்லாம் மண்ணோடு வீடு திரும்பியிருக்கிறான். ஹெட்மாஸ்டர் என்னைக் கைகாட்டிவிட்டுச் சைக்கிளுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். வந்தவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆபீஸ்ல எல்லாரும் கேக்கறா சார், பையன் என்ன படிக்கறான்னு. பானை படிக்கறான்னா சொல்றது? இன்ஸ்பெக்டர் வரட்டும், நானும் வரேன்."

வாகனத்துக்கு நேரங்காலம் கிடையாது

தாராவிப் பிள்ளைகளில் பலர் சுடலைமுத்துவைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குத் தலைவி இசக்கியம்மாள். வயதுக்குக் குள்ளம், குரல் மட்டும் பெரியவர்கள் குரல். சுடலைமுத்து கடைப் பலகை எழுதுகிறவர். கடைக்காரர் கேட்டால் பலகைத் தலைப்பில் சாமியும் போடுவார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. சாமியின் முகம், நகை, வேல் எல்லாம் முடித்துவிட்டு, கண்ணை மட்டும் வெறுமனே விட்டுவிடுவார். நல்ல நேரம் பார்த்து, குளித்துவிட்டு வந்து, கடைசியில்தான் கண் வைப்பார். ராகு காலத்தில் அந்தப் பிரஷைத் தொடவே மாட்டார். மயில், எலி, காளை மாதிரி வாகனங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. வாகனத்துக்கு நேரங்காலம் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் கண் வைக்கலாம் என்பது அவர் சட்டம்.

இசக்கி இதை வகுப்பில் சொன்ன விதத்தில் எல்லாப் பிள்ளைகளும் நம்பிவிட்டார்கள். அன்றிலிருந்து என் வகுப்பில் யார் யாரை வரைந்தாலும் கண் கடைசியில்தான். நேரம் நல்லதா என்று வெங்கிட்டு வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்து வந்து சொல்வான். எனக்கே கொஞ்சம் கலக்கமாகிவிட்டது. ஒரு நாள் சுடலைமுத்துவைத் தேடிப் போய், மனுசப் படத்துக்குமா இந்தச் சட்டம் என்று கேட்டேன். அவர் பீடியை எடுத்துவிட்டு யோசித்தார். "கண்ணு வெச்ச பொறவு அது நம்ம படம் இல்ல சார்வாள். அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சிரும். சாமி பாத்தா என்ன, மனுசன் பாத்தா என்ன, நாம சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கணும்லா?"

வெள்ளிக்கிழமை

இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்பு, தெரிந்த ஒருவரின் படத்தை ஆளுக்கொன்று வரையச் சொல்லியிருந்தேன். வெங்கிட்டுவின் அப்பா ஆபீஸில் வேண்டாமென்று கழித்த தாள்களைக் கொடுத்தார்; பின்பக்கம் சுத்தம். தெரிந்த ஒருவர் என்றதும் பாதி வகுப்பு ஹெட்மாஸ்டரை வரைந்துவிட்டது. படங்களைச் சுவர் முழுக்கக் கோந்து போட்டு ஒட்டினோம். மத்தியானம்தான் வருவார் என்று சொல்லியிருந்தார்கள்; அதற்குள் கண் வைத்துவிடலாம் என்றிருந்தோம். அவரோ காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமை, பதினொரு மணி. அன்று பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

மதராஸ் பக்கத்துக்காரர், சிரிக்காத மனிதர். சொன்னபடியே விசுவநாதனின் அப்பாவும் வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டார். இன்ஸ்பெக்டர் சுவரைப் பார்த்தார். சுவரில் ஒருவர் கூட அவரைப் பார்க்கவில்லை. ஒரு படத்துக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"இது யாரு?"

"ஹெட்மாஸ்டர் சார்" என்றான் வெங்கிட்டு.

"கண் எங்கே?"

"இப்போ ராகு காலம் சார்."

"சைக்கிளுக்கு மட்டும் ரெண்டு கண் இருக்கே?"

"அது வாகனம் சார். வாகனத்துக்கு நேரங்காலம் கிடையாது."

ஹெட்மாஸ்டர் என் காதோரம் வந்து, "ஓய், உம்ம வேலையும் போச்சு, என் கண்ணும் போச்சு" என்றார். என் மனைவி அன்று காலை, திருப்தி என்று எழுதிவிட்டால் ஒரு பாயசம் வைக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்குப் பாயசம்தான் ஞாபகம் வந்தது. வாய் திறக்கக் கூடாதே என்று நின்றேன்.

"இதையெல்லாம் யார் சொல்லிக்குடுத்தா?" என்றார் இன்ஸ்பெக்டர். இசக்கி எழுந்தாள். "யாரும் சொல்லிக்குடுக்கல சார். நாங்களாப் போய்ப் பாத்தோம்." அப்புறம் நிறுத்தவில்லை. சுடலைமுத்து எப்படிச் சுண்ணாம்பு நூலால் கோடு தட்டுவார், எந்தப் பிரஷுக்கு அணில் வால் மயிர், எதற்குக் கண் கடைசி என்று எல்லாம் சொன்னாள். அவள் உட்கார்ந்ததும் விசுவநாதன், யாரும் கேட்காமலே, வெளிச்சத்தை மறைக்காமல் தள்ளி நிற்க வேண்டும் என்பதை ஒப்பித்தான். அவன் அப்பா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நிற்பதைக் கவனித்து ஓரமாக நகர்ந்தார்.

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்காலி கேட்டார். பன்னிரண்டு வரை அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு அடித்ததும் பிள்ளைகள் முகம் கைகால் கழுவி வந்து, வரிசையாகச் சுவரில் கண் வைத்தார்கள். வெங்கிட்டுவுக்கு அவசரத்தில் கை பிசகிவிட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து ஹெட்மாஸ்டர் படத்தைத் திரும்பப் பார்த்தார். "நான் வரும்போது இவருக்குக் கண் இல்லை, போகும்போது மாறுகண். முன்னேற்றம் தெரியுது. திருப்தின்னே எழுதறேன்."

சின்ன சோலி

அன்று பாயசம் வைத்தோம். ஊருக்குப் பெட்டி கட்டவே இல்லை. அதனால்தான் சில வருஷம் கழித்து, யுத்தமெல்லாம் முடிந்தபின், அந்த ஏணிக்குக் கீழே நின்று சுடலைமுத்துவை விசாரிக்க என்னால் முடிந்தது. அவர் பாக்கி வைத்துவிட்டுப் போன சின்ன சோலி என்னவென்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஹோட்டல்காரர் கிருஷ்ணய்யர் ஊரில் உள்ள பெயிண்டர்களை எல்லாம் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருத்தர் வரைந்த சாமிக்கு இன்னொருத்தர் கண் திறக்கக் கூடாது என்று எல்லாரும் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்கள். பலகையை அப்படியே விட்டுவிட்டார். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. "சாமி பாக்கலேன்னா என்ன சார்? மயில் பாத்துண்டிருக்கு. நம்ம சாம்பாருக்கு அது போறும்" என்பார்.

ஹோட்டலை மூடிக்கொண்டு அவர் ஊருக்குப் போனபோது, பலகையின் தலைப்பை மட்டும் அறுத்தெடுத்து என்னிடம் கொடுத்தார். என் மனைவி அதைச் சமையலறையில் மாட்டினாள். ஒரு தடவை இசக்கி வந்திருந்தாள். கல்யாண் என்ற ஊரில் வாக்கப்பட்டு, இடுப்பில் குழந்தையோடு இருந்தாள். உன்னை விட்டால் யார், நீயே கண்ணை வைத்துவிடு என்று என் மனைவி பிரஷ் கூடத் தேடி எடுத்துக் கொடுத்தாள். இசக்கி அதை வாங்கவில்லை. "அது அவரு படம்க்கா. நான் வெச்சா அது என்னையல்லா பாக்கும்? அவரைப் பாக்க வேண்டிய கண்ணு" என்றாள். பிரஷைத் திரும்ப வைத்துவிட்டு என் மனைவி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கண்ணில்லாததும் நல்லதுதான். நான் உப்பு அதிகமாப் போடுறத மயிலு மட்டும் பாத்தாப் போதும்."

பிள்ளைகள் தாமே படித்ததால் வாத்தியாருக்கு வேலை நிரந்தரமானது எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் நடந்திருக்கும். இப்போது அந்தச் சமையலறையில் நான்தான் சமைக்கிறேன். பலகை அதே ஆணியில் இருக்கிறது. மயிலுக்குக் கண் இருக்கிறது, முருகனுக்கு இல்லை.