சீமாட்டியின் வெள்ளைத் துணி

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், எங்கள் வகுப்பு முழுவதும் பழைய இங்கிலாந்தாக மாறவேண்டும் என்றார்கள். சீட்டுக் குலுக்கியதில் மற்றப் பெண்களுக்கு ராணி, இளவரசி என்று வந்தது. எனக்கு வாய்த்ததோ கணவனை இழந்த, பிள்ளைகுட்டிக்காரியான ஒரு சீமாட்டி. நம் ராசி அப்படி!

பிளசன்டன் ஊரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒத்திகை நடந்தது. அந்தக் காலத்து விதவைச் சீமாட்டிகள் தலையையும் கழுத்தையும் வெள்ளைத் துணியால் மூடிக்கொள்வார்களாம். அப்பாவின் வேட்டியை எடுத்துச் சுற்றிக்கொண்டு, "மை லார்ட் செத்துட்டார்! நான் இப்ப விடோ!" என்று முழங்கினேன்.

அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மா வேட்டியைப் பிடுங்கினாள்.

"வாயைக் கழுவுடி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா என்ன பேச்சு இது?"

"இட்ஸ் ஜஸ்ட் ஹிஸ்டரிம்மா!"

தன் சிவப்புப் பட்டுப்புடவையைக் கொண்டுவந்து, சீமாட்டியானால் இதைக் கட்டிக்கொண்டு இரு என்றாள். அழவும் செய்தாள். ஒரு துணிக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்பா சோபாவில் படுத்திருந்தார். அந்த மாதங்களில் அவர் எழுந்து நடமாடியதே குறைவு. வயிற்றில் புண் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்; என்ன புண் என்று சொல்லவில்லை. இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு இன்னும் வந்திருக்கவில்லை. அம்மாவும் நானும் இந்த நாட்டில் இருந்ததே அப்பாவின் விசாவை ஒட்டிக்கொண்டுதான்.

அப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்து, "விடு, ஒண்ணும் ஆகாது" என்று அம்மாவிடமிருந்து வேட்டியை வாங்கி, அவரே என் தலையில் சுற்றிவிட்டார். அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"புருஷன் போனப்புறம் ராஜா அவளை என்ன சொன்னாரு?"

"கோட்டையைக் காலி பண்ணச் சொன்னார்ப்பா."

"போயிட்டாளா?"

"இல்லையே! நேரா ராஜாகிட்டயே போய் ஃபைட் பண்ணினா. கோட்டையையும் விடல, பசங்களையும் விடல."

"தனியாவா?"

"தனியாத்தான்."

அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பினார். "கேட்டியா?"

அம்மா குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லும்மா. சத்தமா" என்றார் அப்பா.

என் நடிப்பு அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது, அதனால்தான் அம்மாவையும் கேட்கச் சொல்கிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர்ச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்படி, "கோட்டையையும் விடல, பசங்களையும் விடல! தனியாத்தான்!" என்று கத்திச் சொன்னேன்.