தறி பார்க்கும் கழுத்து

டாக்டர் சங்கரலிங்கம் அவர்கள் காலமான செய்தி காலையில் ஆபரேஷன் அறைக்கு வந்தது. வாட்ச்மேன் வாசலிலேயே நின்று, "சிஸ்டர், பெரிய டாக்டர் போயிட்டாக. மாரடைப்பாம்" என்றார். கொதிக்கிற தண்ணீரில் இடுக்கிகள் கிடந்தன. மேசையில் குடலிறக்க நோயாளி ஒருவர் படுத்திருந்தார். அவரை முடித்து வார்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் கிளம்பினேன். பாதியில் விட்டுப் போயிருந்தால் சார் பாடையிலிருந்து எழுந்து வந்து ஏசியிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிவகிரிக்காரர். சென்னையில் எலும்பு வைத்தியம் படித்துவிட்டு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். ஆபரேஷன் அறை நர்ஸாக அன்று முதல் அவருடைய ஏச்சைக் கேட்டவள் நான். கத்தியைக் கொஞ்சம் தள்ளி நீட்டிவிட்டால் போதும், "கண்ணு முன்னால இருக்கா, பொடதியிலயா இருக்கு?" என்பார். முதல் மாதம் அழுதேன். அப்புறம் நானும் வாயைத் திறக்கக் கற்றுக்கொண்டேன். அதன் பிறகு எங்களுக்குள் ஒத்துப்போனது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்களுக்கும் சீசன்தான். பாசிப் பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் தினமும் வருவார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தால் தகடு வைத்துத் திருகாணி போடுவார். கழுத்துக்கு மட்டும் திருகாணி கிடையாது. ஒருமுறை காரணம் கேட்டேன். "கழுத்துக்கும் திருகாணி போடுத ஆளு ஒருநாள் வருவான் சிஸ்டர். அது நான் இல்ல. அங்கன நரம்புக்கும் எலும்புக்கும் நடுவுல ஒரு நெல்லு அகலந்தான் எடம். தப்புனா ஆளு காலி" என்றார். தன்னால் முடியாததை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லும் டாக்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மைதீன் பிச்சை வந்தது அப்படியொரு சீசனில்தான். கடையநல்லூரில் கைலி நெய்கிறவர். மெயின் அருவியில் விழுந்து பாறையில் தலை மோதியிருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடும் ஆள் ஒருவர் ஓடிவந்து, "சுளுக்குதான், ஒரு திருப்புல எடுத்துருதேன்" என்றாராம். "தொட்டீருன்னா கடிச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, மைதீன் தன் தலையைத் தானே இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு தென்காசி பஸ்ஸில் ஏறிவிட்டார். கண்டக்டர், "கம்பியப் பிடிங்க அண்ணாச்சி, தலை எங்கயும் ஓடிராது" என்று கேலி செய்தாராம். கையை எடுத்திருந்தால் அன்றே உயிர் போய் மௌத்தாகியிருப்பார்.

வராந்தாவில் அப்படித் தலையைத் தாங்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் டாக்டர் காப்பித் தம்ளரைப் போட்டுவிட்டு ஓடினார். "யாரும் தொடாதீங்கலே!" என்று கத்தியபடி அவருடைய கைகளின் மேல் தம் கைகளை வைத்துப் பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரேயில், மண்டையோட்டுக்கு நேர் கீழே இருக்கும் கழுத்தெலும்பு முறிந்து விலகியிருந்தது. கைகால் எல்லாம் அசைந்தது. அதுதான் அதிசயம். இனி ஒரு சின்ன அசைவில் அதுவும் போய்விடலாம் என்பதுதான் பயம்.

முதல் வேலையாகத் தலையை இழுத்து நிறுத்த வேண்டும். காதுக்கு மேலே இரண்டு பக்கமும் மண்டையோட்டில் சிறு பள்ளம் துளைத்து, இடுக்கியை வைத்துத் திருகி, கயிற்றில் எடை தொங்கவிட வேண்டும். மயக்கம் கொடுத்தால் கழுத்து துவண்டுவிடும் என்று மரக்கச்செய்யும் ஊசி மட்டும் போட்டார். மைதீன் விழித்தபடியே கிடந்தார்.

"என்ன சார், ஆணி அடிக்கீயளா?"

"அடிக்கல, திருகுதேன். பேசாம கெடயும்."

எலும்பு இடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் எடையை எடுத்தால் மறுபடி விலகியது. மண்டையோட்டின் அடியையும் மேல் கழுத்தெலும்புகளையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து மேலே பதித்து ஒட்டவைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒட்டிவிட்டால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் தலையை எந்த நிலையில் வைத்துக் கட்டுகிறோமோ, ஏறக்குறைய அந்த நிலையிலேயே ஆயுள் முழுக்க இருக்கும்.

இதைக் கேட்ட மைதீன், "அப்போ குனிஞ்சு தறியப் பாக்குத மாதிரி வச்சுக் கட்டுங்க சார்" என்றார்.

அவருடைய மனைவி செய்யதம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "வேண்டாம் சார். தப்புப் பண்ணுனவுக மாதிரி தலையக் குனிஞ்சுகிட்டுப் போறாகன்னு ஊரே பேசும். பெத்த புள்ளைய நிமிந்து பாக்கவாவது வேண்டாமா?"

"ஊரா எனக்குக் கஞ்சி ஊத்தும்? வயிறு நெறஞ்சா தலை தானா நிமிரும், நீ சும்மா இரு" என்றார் மைதீன்.

மதுரையிலிருந்து மயக்க மருந்து கொடுக்க வருவதாக இருந்த டாக்டரும் நேராக வைப்பதுதான் முறை என்று சொல்லிவிட்டார். எனக்கும் அந்த அம்மாள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. எங்கள் டாக்டரிடம் சொல்லவும் செய்தேன். அவர் மறுநாள் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு கடையநல்லூருக்குப் போனார். நெய்கிறவர் காலை விட்டு உட்காரும் மைதீனின் தறிக்குழியில் கால்சட்டையோடு இறங்கி உட்கார்ந்தார். தெருவே கூடிச் சிரித்தது. "சாருக்கு நெய்யப் பாவு பூட்டித் தரட்டுமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் காதில் வாங்கவில்லை. ஊடை நூலோடு நாடா குறுக்கே ஓடும் இடத்தைப் பார்த்தபடி தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார், கொஞ்சம் நிமிர்த்தினார். "இப்போ தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவுல எத்தன விரலு போவுதுன்னு பாரும் சிஸ்டர்" என்றார். அத்தனை ஆண்கள் பார்க்க அவர் தாடைக்கு அடியில் விரல் வைத்து அளந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆபரேஷன் அன்று மைதீனைக் குப்புறக் கிடத்தியிருந்தோம். நான் மேசைக்கு அடியில் குந்தி, அதே விரல்களை அவர் தாடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேலே டாக்டர் கம்பியை முறுக்குவார், "சரியா இருக்கா?" என்பார். "இன்னும் ஒரு பொட்டுக் குனியணும் சார்" என்பேன். எழுந்து நின்றபோது கால் மரத்துப் போயிருந்தது. பிறகு தலையிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. செய்யதம்மாள்தான் மாதக்கணக்கில் கஞ்சி ஊட்டினார். புருஷனைத் திட்டிக்கொண்டேதான் ஊட்டினார்.

மைதீன் மறுபடி தறியில் உட்கார்ந்தார். அவர் நெய்த கைலி எங்கள் வார்டுக்கும் விலைக்கு வந்தது. ஆனால் அந்த அம்மாள் சொன்னதும் பலித்தது. கடைத்தெருவில் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்க அவர் இடுப்பிலிருந்து பின்னால் சாய வேண்டியிருந்தது. சிலர் சிரித்தார்கள். டாக்டர் அதை ஒருநாள் காருக்குள்ளிருந்து பார்த்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கை கழுவிக்கொண்டே, "நான் தறியப் பாத்தேன் சிஸ்டர், மனுசனப் பாக்கலயோ? இன்னும் கொஞ்சம் நிமித்தி வச்சிருக்கலாமோ?" என்றார். மைதீனே வந்து குறை சொன்னாரா என்று கேட்டேன். இல்லை என்றார். மைதீன் ஒவ்வொரு பெருநாளைக்கும் பிரியாணியோடு வருவார். டாக்டர் வாங்கிக்கொள்வார், குடும்பத்தை விசாரிப்பார், கழுத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். எவரையும் ஏசத் தயங்காத மனிதருக்கு இதைக் கேட்கப் பயம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

செய்தி கேட்டு நான் சார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் தாழ்ந்த பெஞ்சில் சாரைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் திருநீறு, மூக்குக்கண்ணாடி இல்லை. வேறு யாரோ போலிருந்தார். வந்தவர்கள் தலைகுனிந்து பார்ப்பதும், நிமிர்ந்து கண்ணைத் துடைப்பதும், நகர்வதுமாக இருந்தார்கள். நானும் அப்படித்தான் நின்றேன். மைதீனும் செய்யதம்மாளும் கடையநல்லூரிலிருந்து வந்தார்கள். மைதீன் கால்மாட்டில் நின்றார். வெகுநேரம் நகரவே இல்லை.

பின்னால் நின்ற ஒருவர், "அண்ணாச்சி, கொஞ்சம் நகருங்க. எவ்வளவு நேரந்தான் குனிஞ்சுகிட்டு நிப்பீய?" என்றார்.

"நான் குனியலய்யா. நான் நிக்கதே இப்பிடித்தான்" என்றார் மைதீன். "சாரு வச்சுவிட்டது. எம்புட்டு நேரம் வேணும்னாலும் அவுக மொகத்தப் பாத்துக்கிட்டே நிப்பேன், எனக்கு வலிக்காது."

செய்யதம்மாள் அவர் தோளைத் தொட்டு, "நில்லுங்க" என்றார்.

சார், நீங்கள் கடைசிவரை கேட்காமல் விட்டதற்கு மைதீன் பதில் சொல்லிவிட்டார். நிமிர்த்தி வைத்திருக்க வேண்டாம். போய் வாருங்கள்.