மேட்டில் போட வேண்டிய கிடை

சொத்துப் பிரித்தபோது என் கொழுந்தன் கிணற்றோடு பள்ளத்து நிலத்தை எடுத்துக்கொண்டு, வேலிக்கருவை மண்டிய மேட்டுக் காட்டை எங்கள் தலையில் கட்டினான். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். சங்கரன்கோவில் சந்தையில் நாலு பேர் முன்னால் சொன்னானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"மதினி, அந்தக் காட்டுல எதுக்கு ஆட்ட விடுதிய? பஸ் ஸ்டாண்டுல விட்டா போஸ்டரையாவது திங்கும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் கதை கிடக்கட்டும். அந்தக் காட்டில் புல் வளர்த்து, இவனை என் வரப்பில் வந்து நிற்க வைக்காவிட்டால் நான் என் அப்பனுக்குப் பிறந்தவள் இல்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

சிவகிரிப் பக்கம் ஒரு புருஷன் பெண்டாட்டி கோடையிலும் பச்சைப் புல்லில் செம்மறி மேய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறினேன். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து வலை கட்டியிருந்தார்கள். ஒரு துண்டில் ஒரு நாள்தான் மேய்ச்சல்.

"பாதிப் புல்லுதான் திங்கணும். மிச்சத்த விட்டாத்தான் திரும்பத் துளுக்கும். அது தேறுத வரைக்கும் அங்கன ஆட்டக் காட்டவே கூடாது," என்றாள் அந்த அக்கா.

ராத்திரி ஆடுகளை அடைக்கும் கிடையை மேட்டிலிருந்து தொடங்கச் சொன்னாள். மழை பெய்தால் புழுக்கை கரைந்து கீழே உள்ள மண்ணுக்கெல்லாம் போய்ச் சேரும். இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "யாரு வந்து கேட்டாலும் மறைக்காம சொல்லிக் குடுக்கணும். சரியா?"

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆனால் கோபம் யாரை விட்டது? கொழுந்தன் தினமும் பைக்கில் போகிற பாதை என் கீழ் வரப்பை ஒட்டி இருந்தது. அவன் கண்ணில் படட்டும் என்று மாதக்கணக்கில் அந்த வரப்போரமாகவே கிடை போட்டேன். ஐப்பசி மழை ஒரே நாளில் அத்தனை புழுக்கையையும் அடித்துக்கொண்டு போய் பாதைக்குக் கீழே இருந்த அவன் நிலத்தில் சேர்த்தது. அங்கே புல் மதமதவென்று வந்தது. என் காடு அப்படியே மொட்டையாகக் கிடந்தது.

"உரத்துக்கு ரொம்ப சந்தோசம் மதினி," என்று பைக்கை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனான். பாவி. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி மேட்டிலிருந்து தொடங்கினேன். வலையை நானே தினமும் மாற்றிக் கட்டினேன். அவனோ, கிடைத்த புல்லில் மொத்த ஆட்டையும் விட்டு வேர் வரைக்கும் கரம்ப விட்டான். அதற்கடுத்த வருஷக் கோடையில் அவன் நிலம் வெடித்துக் கிடக்க, என் மேட்டில் கணுக்கால் உயரம் புல் நின்றது. ஒரு காலையில் வரப்பில் வந்து நின்றான். மனசு குளிர்ந்துவிட்டது எனக்கு.

"என்ன கொழுந்தனாரே, பஸ் ஸ்டாண்டுல போஸ்டர் ஒட்டலியோ?"

"வெளையாடாதிய மதினி. எப்படிச் செய்திய? சொல்லிக் குடுங்க."

சிவகிரிக்காரியின் முகம் வந்து போனது. சொல்லிக் கொடுத்தேன். வலை, துண்டு, பாதிப் புல், எல்லாம். கடைசியில் அவனே கேட்டான்.

"கிடைய எங்கன போடட்டும்?"

அவன் நிலத்துக்குக் கீழே ஊர் ஓடை.

"கீழ வரப்போரமாவே போடுங்க. உங்களது பள்ளம்லா, உரம் எங்கயும் ஓடாது. ஆட்டுக்கு ஓடைக்காத்தும் நல்லது," என்றேன்.

அந்த வாரம் சிவகிரி அக்கா போனில் கேட்டாள். "எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தியாட்டி?"

"ஒண்ணு கூடுதலாவே சொல்லியிருக்கேன்க்கா."

ஐப்பசி வந்தது, மழையும் வந்தது. ஓடைப் புறம்போக்கில் இப்போது முழங்கால் உயரம் புல். ஊர்ப்பொது நிலம், யாரும் மேய்க்கலாம். முதல் ஆளாக என் ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அவன் வரப்பு வழியாகத்தான் போனேன்.