அவித்த மண்

எங்கள் மண் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்ததே நான்தான். ஒரு போத்தலில் மண் நிரப்ப அவளுக்கு அரை மணி நேரம். அதற்குள் நான் ஆறு நிரப்பிவிட்டு, வேண்டுமென்றே அவள் எதிரில் நின்று கை கழுவுவேன்.

வெவ்வேறு மண்ணில் ஒரே அளவு பூச்சிமருந்தைக் கலந்து மூடிவைத்து, வாரம் ஒரு முறை எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதுதான் வேலை. எனக்கு மணல், அவளுக்குத் தழை மக்கிய தோட்டத்து மண். என் மணலில் மருந்து போட்டது போட்டபடி கிடக்கும். அவள் மண்ணில் மூன்றே வாரத்தில் பாதி காணாமல் போகும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றனவாம். தின்பது நுண்ணுயிர், பாராட்டு நத்தைக்கு! இருவரில் ஒருவருக்குத்தான் வேலை நிரந்தரம் என்று அதிகாரியம்மா வேறு சொல்லிவிட்டார். நான் பதினோரு வருடம் உழைத்தவள், அவள் நேற்று வந்தவள். எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த சுற்றுக்காக அவள் மண்ணைச் சலித்து வைத்துவிட்டு அரை நாள் விடுப்பில் போனாள். கண்ணாடிச் சாமான்களை அவிக்கும் நீராவிக் கலத்தில் அதை வைத்து நன்றாக அவித்தேன். ஆறியதும் அதே தட்டில் பரப்பிவிட்டேன். பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

நான்கு வாரமாகியும் மருந்து குறையவே இல்லை.

"என்னம்மா, அளவை மாத்திப் போட்டுட்டியா?" என்று அதிகாரி கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

நத்தை தட்டில் மிச்சமிருந்த மண்ணை அள்ளி முகர்ந்தாள். தண்ணீர் தெளித்து, மண்வாசனை எழுகிறதா என்று மறுபடி முகர்ந்தாள். அவளுக்கென்ன அவசரம்!

"அளவு சரிதான் மேடம். இது அவிச்ச மண்ணு. உள்ள இருக்கிற கிருமிங்க உயிரோட இருந்தா மருந்து போகுது, செத்தா நிக்குது. பழைய போத்தலையும் இதையும் பக்கத்துல வச்சா வேற சாட்சியே வேணாம்."

"அட, இந்த ஒப்பீடுதானே நம்மகிட்ட இல்லாம இருந்துச்சு! யாரு அவிச்சது?"

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். "நான்தான் மேடம். சொல்லாம செஞ்சிட்டேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

நிரந்தர உத்தரவு அவள் பெயருக்கு வந்தது. அன்று சாயங்காலம் தொட்டியில் என் பக்கத்தில் வந்து நின்று, விரல் விரலாகக் கை கழுவினாள்.

"அக்கா, அடுத்த தடவை சொல்லிட்டு அவிங்க. உங்க மணலையும் சேத்து வச்சிடலாம்."