அம்மா பிசகிய பாட்டும் அப்பா சேர்த்த வரியும்

அப்பா மறைந்து ஓராண்டு ஓடிவிட்டது. ஆர்மோனியப் பெட்டியைத் துடைத்து மூடும் வேலை இப்போது என்னுடையது. அப்பாவைப் பாட்டு வாத்தியாராக மட்டும் அறிந்த உங்களுக்காக, அவர் நாடகக் கம்பெனியோடு ஊர் சுற்றிய காலத்தை மகளாகிய நான் எழுதுகிறேன்.

அப்பா பாறசாலையில் கிறிஸ்தவ சபை உபதேசியாரின் கடைசி மகனாகப் பிறந்தார். ஆலயத்தில் வாசிக்கப் பழகிய விரல்கள் இருபது வயதில் நாடகத்துக்கு மெட்டுப் போடப் போய்விட்டன. தாத்தா ஓராண்டு பேசவில்லை. அந்த ஓராண்டில்தான் நிம்மதியாகச் சாதகம் செய்ததாக அப்பா சொல்வார்.

எந்த ஊருக்குப் போனாலும் அவர் முதலில் நடிகர்களின் தொண்டையைத்தான் விசாரிப்பார். ராஜாவுக்குச் சளி என்றால் நீண்ட இழுப்பையெல்லாம் மந்திரிக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார். ஒரே மெட்டுக்கு நெய்யாற்றின்கரையில் மலையாள வரிகள், பனச்சமூட்டில் தமிழ் வரிகள். தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் சூடுபிடித்ததும் அதுவே வினையாயிற்று. இரு பக்கமும் கலாட்டா.

"இனி ஒரு கல்லு விழுந்தா கம்பெனிய கலைச்சிருவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அடுத்த ஆட்டம் பனச்சமூட்டில், பிற்பகலில். மணமாகிப் போகும் இளவரசியாக நடித்தவர் காரோடு என்ற ஊரைச் சேர்ந்த பெண். முந்தைய வாரம் நெய்யாற்றின்கரையில் பாடிய நினைப்பில், விடைபெறும் பாட்டை மலையாளத்தில் தொடங்கிவிட்டார். கூட்டம் எழுந்தது.

"எலே, நிறுத்துலே! தமிழ்ல பாடச் சொல்லு!"

அப்பா ஆர்மோனியக் கட்டையிலிருந்து விரலை எடுக்கவில்லை. தகப்பன் ராஜாவின் பதிலை அங்கேயே தமிழில் கட்டித் தாமே பாடினார். எந்தப் பேச்சில் அழுதாலும் நீ என் மகள்தான், இந்த வாசல் உனக்கு அடையாது என்று. அந்தப் பெண் மலையாளத்தில் தொடர்ந்தார், அப்பா தமிழில் பதில் சொன்னார். போராட்டக் கொடியோடு வந்து முதலில் கத்திய பெரியவரே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"சும்மா இரிங்க மக்கா. நெய்யாத்தங்கரைக்குக் கெட்டிக் குடுத்த எனக்க மொவளும் இப்பம் இப்பிடித்தான் பேசுகா. பாடட்டு."

கல் விழவில்லை, கம்பெனி பிழைத்தது. மறு ஆண்டு அப்பா அந்தக் காரோட்டுப் பெண்ணையே மணந்தார்.

"நான் தெத்தாப் பாடினதுனாலயாக்கும் ஒங்களுக்குப் பேரு கெடச்சுது" என்பார் அம்மா. அப்பா ஒருநாளும் மறுத்ததில்லை.

பிறகு எல்லை வகுத்தார்கள். நாங்கள் கேரளத்தில் நின்றோம், பாதி உறவு தமிழ்நாட்டுப் பக்கம் போயிற்று. இரு பக்கத்துக் கல்யாண வீடுகளிலும் பெண்ணை அனுப்பும்போது அப்பா அந்தப் பாட்டைப் பாடுவார். என்னை மார்த்தாண்டத்துக்கு அனுப்பிய அன்று மட்டும் பெட்டியை வாசித்ததோடு சரி, வாய் திறக்கவில்லை. எனக்கு அது வெகுநாள் மனத்தாங்கல்.

அப்பாவைக் கடைசிவரை கவனித்த செவிலியர் சகோதரிக்கும், சபைப் பாடகர் குழுவுக்கும், எல்லையின் இரு பக்கமிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அப்பாவுக்கு நான் சொல்லவேண்டிய நன்றியும் ஒன்று உண்டு. கடைசி வாரத்தில் ஒரு காலை, கட்டிலருகே அமர்ந்து மகளின் வரியைப் பாடினேன். அப்பா மெல்ல எழுந்து சாய்ந்துகொண்டு, தகப்பனின் வரிகளை ஒன்று விடாமல் பாடி முடித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு வாய் தொறந்திருந்தா ஒன்ன அனுப்பியிருக்கமாட்டேன், மக்கா."