தசமியில் தோண்டிய குழி

அறுபதுகளின் கடைசியில், நடு அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் தொலைபேசி லைன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். இப்போது சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் கேபிள் வந்து, சினிமாகூட நொடியில் இறங்குகிறது என்கிறார்கள். அன்றைக்கு எங்கள் கரையிலிருந்து எதிரே இருக்கும் லாங் ஐலண்டுக்கு ஒரு கேபிள் போட்டு, இரண்டு பேர் 'ஹலோ' சொல்லிக்கொண்டதே பெரிய சாதனை.

கேபிள் கரையேறும் இடத்தில் அதைக் கம்பத்து லைனோடு இணைக்க ஓர் இரும்புப் பெட்டி. அதைப் புதைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரன். கண்மாய்த் தண்ணீர் தவிர வேறு தண்ணீர் அறியாதவன். அஷ்டமி, நவமி ஆகாது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டு, வளர்பிறைத் தசமியில் நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினேன். பகல் முழுக்கக் கரையில் நின்று, தண்ணீர் ஏறிய எல்லையில் ஒரு குச்சி நட்டு, அதற்கு மேலே ஆறடி தள்ளிக் குழி தோண்டினேன். எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்!

அங்கே படகு வைத்திருந்த மீனவர் ஒருவர் வந்து நின்று பார்த்தார். தூத்துக்குடிக் கரையிலிருந்து வந்து குடியேறிய கத்தோலிக்கர். என் வயதுதான் இருக்கும்.

"இன்னும் மேல தள்ளித் தோண்டுங்க சார். இங்க தண்ணி வரும்" என்றார்.

நான் சர்க்கார் ஆள் அல்லவா? படகை இழுத்துவைக்கும் இடம் போய்விடுமே என்று கதை விடுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், அப்போது மனசுக்குள் அவர் 'அவன்'தான்.

ஐந்தாம் நாள், பௌர்ணமியன்று, லைன் செத்தது. ஜீப்பும் படகுமாக நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் தானாகவே உயிர் வந்துவிட்டது. பேசுகிற லைனின் பெட்டியை எதற்குத் திறப்பது என்று விட்டுவிட்டேன். அடுத்த அமாவாசைக்கு மறுபடியும் செத்தது. பிறகு பௌர்ணமிக்கு. துப்பறியும் மூளை வேலை செய்தது. அந்த நாட்களில் நீரோட்டம் கடுமையாக இருக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். மீனவர் தூரம் போகாமல் கரையோரத்திலேயே இருப்பார். அப்படியானால் அவருடைய நங்கூரம்தான் கேபிளை இழுக்கிறது. தாமிரத்துக்காக வேண்டுமென்றே இழுக்கிறார் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவருடைய வலையைப் புரட்டிப் பார்த்தேன். புத்தம்புது ஈயக்குண்டுகள்! எங்கள் கேபிளின் மேலுறையும் ஈயம்தான்.

"நீங்க வேலை பாத்துட்டு வீசிட்டுப் போன துண்டுதான் சார். உருக்கிப் போட்டேன்" என்றார். நம்பவே இல்லை. அன்றே புகார் எழுதிக் கொடுத்தேன். போலீஸ் அவுட்போஸ்ட் ஹவில்தார் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள். "பக்காதானே? அப்புறம் கட்பட், குளறுபடி எதுவும் ஆகக்கூடாது" என்று கேட்டார். பக்கா என்றேன். படகை இழுத்துக்கொண்டு போய் அவுட்போஸ்ட் மணலில் ஏற்றிவிட்டார்கள். அவருக்கு இருந்தது அந்த ஒரு படகுதான். குற்றம் உறுதியானால் குடும்பத்தோடு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள் என்று பேச்சு.

அடுத்த அமாவாசைக்கும் லைன் செத்தது. படகே இல்லாதவர் எப்படி இழுத்திருப்பார்? வேறு எவனாவது யோசித்திருப்பான். நானோ, இரவல் படகு வாங்கியிருப்பான் என்று முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்க, பௌர்ணமி காலையில் நானே கரைக்குப் போனேன். கம்பத்தில் டெஸ்ட் போனை மாட்டிக்கொண்டு, தாழம்புதரின் மறைவில் உட்கார்ந்தேன். ஐம்பதடி தள்ளி அவர் மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் ஒளிந்திருப்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

லாங் ஐலண்ட் ஆபரேட்டர் ஒரு வங்காளி. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நான் கூப்பிட்டதும், "ஹான் ஜி, போலியே" என்று, 'சொல்லுங்கள்' என்பதை இந்தியில் கணீரென்று சொன்னார். ஒன்பது மணி தாண்டியதும் அவர் குரல் கரகரத்தது. பிறகு தேய்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். மீனவர் இருந்த இடத்திலேயே இருந்தார். ஊசியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"சார், நான் இப்ப எங்க இருக்கேன்னு எழுதிக்கிடுங்க."

பெட்டி புதைத்த இடத்தைத் தேடினேன். அதன் மேல் முழங்கால் ஆழத்துக்குக் கடல் நின்றது. உப்புத்தண்ணீர்தான் பெட்டிக்குள் இறங்கி லைனைச் சாகடித்திருக்கிறது. அஷ்டமி கழிந்த ஓரிரு நாளில்தான் தண்ணீர் ஆகக் குறைவாக ஏறும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும்தான் ஆக அதிகமாக ஏறும் என்பது கடற்கரையில் யாருக்கும் தெரியும். நல்ல நாள் பார்த்த எனக்குத்தான் தெரியவில்லை.

அன்றே அவுட்போஸ்ட்டுக்குப் போய், தவறு என்னுடையது என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். ஹவில்தார் விழுந்து விழுந்து சிரித்தார். ஆபீசில் மெமோ கிடைத்தது. அதெல்லாம் பெரிதில்லை. படகு ஏறக்குறைய ஒரு மாதம் வெயிலில் காய்ந்து, பலகைகள் விரிந்து கிடந்தது. தண்ணீரில் தள்ளியதும் எல்லா இடுக்கிலும் தண்ணீர் பீறிட்டது. பஞ்சு திணித்து இடுக்குகளை அடைக்க நானும் கூட உட்கார்ந்தேன். பத்து நாள் ஆனது. அவர் மனைவி ஒரு நாள்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியை மேட்டுக்கு மாற்றினேன். நான் அங்கே இருந்த மிச்ச நான்கு வருஷமும் அந்த லைன் ஒரு தடவைகூடச் சாகவில்லை. ஆனால் நான் அந்தக் கரையில் எப்போது கால் வைத்தாலும், நான் கேட்காமலே, அவர் எழுந்து வலையை விரித்துப் போடுவார். படகின் அடிப்பலகையைத் தூக்கிக் காட்டுவார். "பாத்துக்கிடுங்க சார்" என்பார். குத்தலாக அல்ல, சாதாரணமாகத்தான் சொல்வார். வேண்டாம் என்று எத்தனை தடவை கையெடுத்துக் கும்பிட்டும் அவர் அதை நிறுத்தவே இல்லை. இன்றைக்கும் யாரையாவது சந்தேகப்பட்டு வாய் திறக்கப் போகும்போது, அவர் அப்படி வலையை விரித்துக்கொண்டு நிற்பது கண்ணில் தெரிகிறது. திறந்த வாயை மூடிக்கொள்கிறேன்.